வலையைத் தொடாதீங்க, பாத்துக்கிட்டே இருங்க

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படகைப் பார்த்து "நில்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் படகு எதற்காக நிற்க வேண்டும்?

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில் ஒருவர் என்னிடம் இதைக் கேட்டார். அன்று பதில் சொல்ல முடியவில்லை. துப்பாக்கிக்குப் பயந்து நிற்கும் என்று ஏதோ உளறியதுதான் மிச்சம். சரியான பதில் அளவுக்காரியின் கதையில் இருக்கிறது.

அளவுக்காரி என்பது துறைமுகம் அவளுக்கு வைத்த பெயர். மீன்வளத் துறையில் அவள் கண்காணிப்பு அதிகாரி. அவள் பையில் எப்போதும் ஓர் ஆப்பு வடிவத் தகடு இருக்கும். ஈரமாக இருக்கும் வலையின் கண்ணுக்குள் அதை இறக்கிப் பார்ப்பாள். தகட்டில் போட்டிருக்கும் கோடு வரை தங்குதடையில்லாமல் இறங்கினால் வலை சரியானது. பாதியிலேயே நின்றுவிட்டால் வலைக்கண் சிறியது, குஞ்சு மீன்கூட அதில் தப்ப முடியாது என்று பொருள். அந்த வலை அவளோடு கரைக்கு வந்துவிடும்.

அவள் படகுத்துறையில் நடந்து வந்தால், தொந்தி போட்டவர்களைப் பார்த்து மற்றவர்கள் சொல்வார்கள்: "அளவுக்காரி வர்றா. வயித்தை உள்ள இழுத்துக்கோ. அளந்து எடுத்துட்டுப் போயிடப் போறா."

அவளும் விடமாட்டாள். "பயப்படாதீங்க, சின்னதா இருந்தாத்தான் எடுத்துட்டுப் போவேன். இது கணக்குல வராது," என்பாள்.

அவள் அலுவலகம் ஐஸ் தொழிற்சாலையின் மாடியில் இருந்தது. தரை எந்நேரமும் சில்லென்றிருக்கும். வெயில் காலத்தில் புகார் கொடுக்கும் சாக்கில் ஆட்கள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பாதத்தை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மேஜை, கால் ஆடும் நாற்காலிகள், சுவர் நிறைய வளைகுடாவின் வரைபடம். வரைபடத்தில் சிவப்பாக ஒரு பகுதி. மீன்கள் முட்டையிடும் இடம் அது, அங்கே இழுவலை போடவே கூடாது. அதற்கு வெளியே நீலமாக ஒரு கோடு. அவளுடைய அதிகாரம் அந்தக் கோட்டோடு முடிந்தது.

அந்த அதிகாரம் என்னவென்றால், சந்தேகம் வந்தால் படகை நிறுத்தச் சொல்லலாம். ஏறிப் பார்க்கலாம். ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்லலாம், வலையை அளக்கலாம், தப்பென்றால் வலையோடு படகையும் பிடித்து வைக்கலாம். ஆனால் அடையாள அட்டையைக் காட்டாமல் ஏறக் கூடாது. யார் மேலும் கை வைக்கக் கூடாது. நீதிமன்ற உத்தரவில்லாமல் ஒருவர் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் கடைசியில், யாரும் கவனிக்காத ஓர் அதிகாரமும் உண்டு. தேவைப்பட்டால் பக்கத்தில் இருக்கும் எவரையும் அவள் உதவிக்கு அழைக்கலாம்.

"அது ஒண்ணுதான் மேடம் துருப்பிடிச்சுக் கெடக்குது," என்பார் ரோந்துப் படகை ஓட்டும் டீசல். உடம்பிலிருந்து அந்த வாசனை போகவே போகாது என்பதால் அவருக்கு அந்தப் பெயர். "நாம கூப்ட்டா எவன் வருவான்? தண்ணியில விழுந்தாக்கூட, நீந்தி வந்துடுவாங்கன்னு சொல்லிட்டுப் போவானுங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் யாருடைய வலையையெல்லாம் பிடித்திருக்கிறாளோ அவர்களெல்லாம்தான் கடலில் பக்கத்தில் இருப்பவர்கள். அந்தக் கூட்டத்தில் அவளுடைய சொந்த அண்ணனும் ஒருவர்.

அண்ணன் சிறிய படகு வைத்திருப்பவர். அவளைப் படிக்க வைத்ததே அந்தப் படகுதான். அவள் அதிகாரியாகி அந்தத் துறைமுகத்துக்கே மாற்றலாகி வந்தபோது, அண்ணன் எல்லோரிடமும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். வந்த சில வாரங்களிலேயே ஒரு காலையில் அவருடைய வலைக்குள் அவள் தகட்டை இறக்க வேண்டியதாயிற்று. பாதியில் நின்றது.

"கொஞ்சம் அழுத்திப் பாரு," என்றார் அண்ணன்.

"அழுத்தக் கூடாதுண்ணா. தானா போகணும்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"தெரியுது."

அண்ணன் வலையைத் தானே சுருட்டி அவள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். சட்டம் சொன்ன அளவில் புது வலை வாங்கினார், அதை மட்டுமே போட்டார், பாதிக் கூடை மீனோடு கரைக்கு வந்தார்.

பேச்சு இல்லையே தவிர, அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த வீட்டுக்குப் போவாள். ஒரே கூடத்தில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருப்பாள்.

"டீ வேணுமான்னு கேளு," என்பார் அண்ணன், சுவரைப் பார்த்து.

"டீ வேணுமான்னு கேக்குறாரு," என்பாள் அண்ணி.

"காதுல விழுந்துது அண்ணி. சர்க்கரை கம்மியா இருக்கட்டும்னு சொல்லுங்க."

"நீங்க ரெண்டு பேரும் எனக்குச் சம்பளம் குடுக்கணும். தபால்காரன்கூட லீவு எடுக்குறான்."

இப்படி வேடிக்கையாகவே போய்க்கொண்டிருந்தது ஒரு ஞாயிறு கசந்துபோனது. அதற்குக் காரணம் திமிங்கிலம்.

திமிங்கிலம் என்பது துறைமுகத்திலேயே பெரிய இழுவலைப் படகு. சிவப்புப் பகுதிக்குள்ளேயே போய், வலையின் கடைசியில் மீன் சேரும் பையான மடியைக் கொசுவலை மாதிரிக் கட்டி இழுக்கும். அது ஒருமுறை போய் வந்தால் சின்னப் படகுகளுக்கு ஒரு வாரம் மீன் இருக்காது. எல்லோருக்கும் தெரியும். அளவுக்காரிக்கும் தெரியும். ஆனால் ஒருமுறை துரத்தியும் பிடிக்க முடியவில்லை. ரோந்துப் படகைக் கண்டதும் அதன் ஓட்டுநர் கயிற்றை வெட்டி வலையைக் கடலில் விட்டுவிட்டு நீலக் கோட்டை நோக்கி ஓடினார். சாட்சிப் பொருள் மூழ்கிவிடப் போகிறதே என்று அவள் படகை நிறுத்தி வலையை அள்ளினாள். அங்கேதான் அவள் ஏமாந்தாள். சட்டம் தெளிவாக இருந்தது: கோட்டுக்குள் எச்சரிக்கை கொடுத்து, நடுவில் விடாமல் துரத்தினால் கோட்டைத் தாண்டியும் பிடிக்கலாம். நடுவில் நின்றால் துரத்தல் அறுந்துவிடும். திமிங்கிலம் தப்பியது. கையில் இருந்த வலையைக் காட்டியபோது அதன் முதலாளி சிரித்தார். "கடல்ல ஆயிரம் வலை மெதக்கும். இதுல எங்க பேர் எழுதியிருக்கா?" என்றார்.

சரி, அடுத்த முறை வலையை விட்டுவிட்டுப் படகைத் துரத்தலாமென்றால், வலை காணாமல் போகும். வலையில்லாத படகை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? அவளிடம் இருந்ததோ ஒரே ரோந்துப் படகு.

அந்த ஞாயிறு அண்ணன் அண்ணியிடம் சொன்னார்: "இந்தப் பருவம் முடியட்டும். அதுக்குள்ள அந்தப் பெரிய படகு பிடிபடலேன்னா, நம்ம படகை வித்துட்டு உள்நாட்டுப் பக்கம் வேலைக்குப் போயிடலாம். சின்ன வலையைப் புடிக்க மட்டும்தான் சட்டம்னா, அந்தச் சட்டத்துக்காக நான் எதுக்குப் பட்டினி கெடக்கணும்? இதைச் சொல்லிடு."

அண்ணி சொல்லவில்லை. மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள்.

அளவுக்காரி எழுந்து வந்துவிட்டாள். அண்ணன் கோபத்தில் பேசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் நிதானமாகச் சொன்னார். பிறந்ததிலிருந்து கடலை விட்டு ஒரு நாள் தள்ளியிருக்காத மனிதர், அவளால் தொழிலையே விடப் போகிறார் என்ற எண்ணம் அவளைச் சாப்பிட விடவில்லை.

பருவம் முடியப்போகிற நேரத்தில், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில், திமிங்கிலத்தை அவள் மறுபடியும் சிவப்புப் பகுதிக்குள் பார்த்தாள். பின்னால் இரும்புக் கயிறு விறைத்து நின்றது. வலை இறங்கியிருக்கிறது.

முதல் வேலையாகத் திமிங்கிலம் இருக்கும் இடத்தைக் கருவியில் பதிந்தாள். கொடியை ஏற்றினாள். சங்கை விட்டுவிட்டு ஊதச் சொன்னாள். ஒலிபெருக்கியில், தான் யார் என்பதையும் படகை நிறுத்த வேண்டும் என்பதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். திமிங்கிலத்தின் மேல்தளத்தில் நின்றவன் கையை ஆட்டினான். வணக்கம் சொல்கிறானா வழியனுப்புகிறானா என்று தெரியவில்லை.

அப்புறம் போன முறை நடந்ததே நடந்தது. கயிற்றை வெட்டினார்கள். ஆரஞ்சு மிதவைகளோடு வலை பின்தங்கியது. திமிங்கிலம் நீலக் கோட்டைப் பார்த்துத் திரும்பியது.

"வலை மேடம், வலை," என்று டீசல் வேகத்தைக் குறைக்கப் போனார்.

"நிறுத்தாதீங்க. ஓட்டுங்க."

"வலை போயிடுமே."

"ஓட்டுங்க டீசல்."

அவள் வயர்லெஸ்ஸை எடுத்தாள். எல்லாப் படகுகளும் கேட்கும் பொது அலைவரிசையில் வைத்தாள். பொத்தானை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திக்கொண்டாள். தன் பதவியைச் சொல்லி, வலை மிதக்கும் இடத்தைச் சொல்லி, "பக்கத்துல இருக்கிற படகுகளைச் சட்டப்படி உதவிக்குக் கூப்பிடறேன். வலையைத் தொட வேண்டாம். யாரையும் தொட விடவும் வேண்டாம். நான் வர்ற வரைக்கும் கண்ணெடுக்காம பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்," என்றாள்.

கரகரவென்ற சத்தம். பிறகு ஒரு குரல்: "என் வலையைப் புடிச்சுட்டுப் போனப்போ நல்லா இருந்துதா மேடம்?"

இன்னொரு குரல்: "நாங்க உதவிக்கு வந்தா, வந்த இடத்துல எங்க வலையையும் அளப்பீங்களா?"

யாரோ சிரித்தார்கள். டீசல் கழுத்தைத் திருப்பாமல், "நான் அப்பவே சொன்னேன்," என்று முணுமுணுத்தார்.

சிரிப்பு அடங்கியதும் நன்றாகப் பழகிய ஒரு குரல் வந்தது. எத்தனையோ மாதங்களாகச் சுவரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்த குரல்.

"அதிகாரியாக் கூப்பிடறியா, தங்கச்சியாக் கூப்பிடறியா?"

தங்கை என்று சொல்லிவிடத்தான் மனம் துடித்தது. ஆனாலும் அன்றைக்கு வலைக்கண்ணில் தகட்டை அழுத்தாத அதே பெண்தான் அவள்.

"அதிகாரியாத்தான்."

"அப்ப வரேன். தங்கச்சியாக் கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்."

அதோடு வயர்லெஸ் ஓய்ந்தது. ரோந்துப் படகு நீலக் கோட்டைத் தாண்டியது. திமிங்கிலம் வயிறு நிறைய ஐஸும் மீனுமாக இருந்ததால் அதனால் வேகம் பிடிக்க முடியவில்லை. இடைவெளி குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டு படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் ஆடின.

திமிங்கிலத்தின் ஓட்டுநர் எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவகாசமாக எட்டிப் பார்த்தார். "எல்லை தாண்டியாச்சு மேடம். உங்க அதிகாரம் பின்னால அங்கேயே எறங்கிக்கிச்சு."

"எல்லைக்குள்ள ஆரம்பிச்சு, நடுவுல ஒரு எடத்துலயும் நிக்காம வந்திருக்கேன். அதுவும் என்கூடவே வந்துடுச்சு," என்றாள். அடையாள அட்டையை அவர் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டு ஏறினாள்.

"தாராளமா ஏறிப் பாருங்க. எங்ககிட்ட வலையே இல்லையே."

"இருக்கு. அங்க மெதக்குது."

"அதை யாரு பாத்துக்குறா, மீனா?"

"என் அண்ணன்."

ஓட்டுநர் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். "உங்க அண்ணனா? ஊருக்கே தெரியுமே மேடம், அவரு உங்க மூஞ்சியிலயே முழிக்கிறதில்லைன்னு."

வலை கிடந்த இடத்துக்குப் படகைத் திருப்பச் சொன்னாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பே காதில் இருந்தது. திமிங்கிலம் முன்னால் போக, ரோந்துப் படகு பின்னால் வந்தது. அதற்குப் பிறகு அண்ணன் வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வருவதாகச் சொன்னார், ஆனால் போய் நின்றாரா? நின்றவர் இருந்தாரா? வலை மூழ்கியிருந்தால்? முதலாளியின் ஆட்கள் வந்து எடுத்துப் போயிருந்தால்? அண்ணன் கடலை விட்டுப் போவதற்கு அவளே வழி செய்து கொடுத்ததாகிவிடும். டீசல் தன் பிளாஸ்கைத் திறந்து டீயை நீட்டினார். அவள் வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். பாதி டீ அலையில் சிந்திவிட்டது.

முதலில் டீசல்தான் பார்த்தார். "மேடம், என்ன அங்க, படகுப் போட்டியா?"

கடலில் ஒரு வட்டம். பச்சை, மஞ்சள், நீலம் என்று சின்னப் படகுகள் மூக்கை உள்பக்கம் வைத்துக்கொண்டு வளையமாக நின்றன. நடுவில் ஆரஞ்சு மிதவைகள். வயர்லெஸ்ஸில் கிண்டல் செய்தவர்களின் படகுகளும் அதில் இருந்தன. வெளியே கொஞ்சம் தள்ளி, திமிங்கில முதலாளியின் விசைப்படகு ஒன்று நுழைய வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

அண்ணன் தன் படகின் முனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"அண்ணா," என்றாள்.

"இரு. நீ கண்ணால பாத்துட்டேன்னு சொல்லு, அப்புறம் திரும்பறேன். கண்ணெடுக்கக் கூடாதுன்னியே."

"பாத்துட்டேன்."

அதன் பிறகுதான் திரும்பினார். கண் சிவந்து நீர் வழிந்தது. வெயில் என்றார்.

"இவ்வளவு பேர் எப்படி?"

பக்கத்துப் படகுக்காரர் முந்திக்கொண்டார். "வேடிக்கை பாக்கத்தானே கூப்ட்டீங்க? அது எங்களுக்கு நல்லா வரும் மேடம்."

"முதலாளி படகு வழி கேட்டிருக்குமே?"

"கேட்டுது. எங்க எஞ்சின் ஸ்டார்ட் ஆகலேன்னுட்டோம்."

"யாரோடது?"

"எல்லாரோடதும்தான். ஒரே நேரத்துல. என்ன கொடுமை பாருங்க."

வலையைத் திமிங்கிலத்தின் ஓட்டுநர் கண்முன்னால் மேலே ஏற்றினாள். ஈரம் சொட்டச் சொட்டத் தகட்டை இறக்கினாள். முனை மட்டும் நுழைந்து நின்றுகொண்டது. "அழுத்திப் பாக்குறீங்களா?" என்று யாரோ வளையத்திலிருந்து கேட்டார்கள். படகுக்குப் படகு சிரிப்பு போனது. மடியில் விரல் நீளக் குஞ்சு மீன்கள் வெள்ளிக் காசு போலத் துள்ளின. உயிரோடிருந்ததையெல்லாம் அங்கேயே கடலில் விட்டாள். வெட்டுப்பட்ட இரும்புக் கயிற்றின் இரண்டு முனைகளையும், வலையில் ஒன்று, திமிங்கிலத்தில் கயிறு சுற்றும் உருளையில் ஒன்று, அறுத்தெடுத்து முத்திரை வைத்தாள். எடுத்ததற்கெல்லாம் ஓட்டுநரிடம் ரசீது கொடுத்தாள். ஓட்டுநர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வழக்கு நடந்த அன்று நீதிமன்றத்தில் நிற்கக்கூட இடமில்லை. சாட்சிக் கூண்டில் நின்ற அண்ணனிடம் திமிங்கிலத்தின் வழக்கறிஞர் இனிப்பாகவே ஆரம்பித்தார்.

"வலையை நீங்கதான் காவல் காத்தீங்க. அதிகாரி உங்களுக்கு என்ன வேணும்?"

"கூடப் பிறந்த தங்கச்சி."

"அப்படிச் சொல்லுங்க. தங்கச்சிக்காக அண்ணன் வந்து சாட்சி சொல்றாரு. நாங்க நம்பணும்."

அண்ணன் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "ஐயா, என் வலையையும் இவதான் புடிச்சா. அன்னையிலேர்ந்து வீட்டுல இவகூட நான் பேசினதில்லை. இவ பொய் சொல்றவளா இருந்தா, இந்தத் துறைமுகத்துலேயே முதல்ல சந்தோஷப்படறவன் நான்தான். ஆனா அவ தப்பா அளந்து நான் பாத்ததில்லை. என் வலையைக்கூடச் சரியாத்தான் அளந்தா."

நீதிபதி குனிந்து எதையோ எழுதுவது போல வாயை மறைத்துக்கொண்டார். பிறகு கயிற்று முனைகளைக் கேட்டார். அளவுக்காரி முத்திரையை உடைத்து இரண்டையும் மேஜைமேல் வைத்து நெருக்கினாள். முறுக்குக்கு முறுக்கு, இழைக்கு இழை, பிளவு தெரியாமல் பொருந்தியது. வழக்கறிஞர் தண்ணீர் குடித்தார்.

திமிங்கிலத்தின் உரிமம் ரத்தானது. படகு சங்கிலி போட்டுத் துறைமுக மூலையில் கட்டப்பட்டது. முதலாளி கொக்கரித்ததும் கெஞ்சியதும் பலிக்கவில்லை. அடுத்த பருவத்தில் அண்ணனின் வலையில் மடி கனத்தது. படகை விற்கும் பேச்சை அவர் எடுக்கவேயில்லை.

தீர்ப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அளவுக்காரி வழக்கம்போல அந்த வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டீ வேணுமா?" என்றார் அண்ணன். சுவரைப் பார்க்காமல், நேராக அவளைப் பார்த்து.

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். "அப்பாடா. என் வேலை போச்சு."

"வேணும்ணா. சர்க்கரை கம்மியா."

"அளந்து போட்டுக்கோ," என்றார் அண்ணன்.

படகு எதற்காக நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். ஒருத்தி கொடியேற்றி "நில்" என்கிறாள். அவள் தன் அண்ணனையும் அப்படித்தான் நிறுத்தினாள் என்று சுற்றியிருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்கள் வளையமாக வந்து நிற்கிறார்கள். அப்புறம் எந்தப் படகும் நின்றுதான் ஆக வேண்டும்.

இதைப் படித்தவர்கள் தயவுசெய்து இன்னொருவருக்குச் சொல்லுங்கள். படகு வைத்திருப்பவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த முறை வயர்லெஸ்ஸில் உதவி கேட்டு ஒரு குரல் வரும்போது, கேட்கிறவருக்கு இந்தக் கதை முன்பே தெரிந்திருக்க வேண்டும்.